ஆறு மில்லிமீற்றர்

பதினாலாம் கட்டில், ஆண்கள் வாட்டு, காலில் ஆறாத புண்.
கிராண்ட்பாஸில் ஓட்டோ ஓட்டுகிறவர் என்று
படிவத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.
அவர் முகத்தை நான் கண்டதில்லை.
அவருடைய கிருமியை நன்றாகத் தெரியும்.
பச்சை நிறம். தட்டின் மூடியைத் தூக்கினால்
பழுத்த திராட்சை மணம்.
வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பசியெடுக்கும்.

முதற்கிழமை மருந்து வில்லையைச் சுற்றி
இருபத்தாறு மில்லிமீற்றருக்கு வெறுந்தரை.
அடுத்த கிழமை பத்தொன்பது;
வட்டத்துக்குள்ளேயே மூன்று பொட்டு,
முளைத்தும் முளையாததுமாய்.
இன்று அடிமட்டத்தை வைக்கிறேன்.
ஆறு.
ஆறு என்பது வில்லையின் சொந்த அகலம்.
அதாவது வளையமே இல்லை.
மருந்தின் வாசற்படிவரை வந்து
குடியேறிவிட்டன.

வேறு கட்டிலிலிருந்து தொற்றிய வேறு குலமோ?
எனக்கும் அந்தச் சந்தேகம்.
மூன்று தட்டிலும் தொட்டெடுத்துப் பொரளைக்கு அனுப்பினோம்.
ஒரே வம்சம், ஓரிரு எழுத்துத்தான் மாறியிருக்கிறது
என்று பதில் வந்தது, ஒட்டாத முத்திரையோடு.

கிருபைராஜன் மாதிரிப் பெட்டியை இறக்கி வைத்தான்.
ஞாயிறு தவறாமல் வத்தளைச் சபைக்குப் போகிறவன்.
"மிஸ், இந்தக் கூர்ப்பு கூர்ப்பு எண்டுறது
வெறும் தியரிதானே?"
சண்டைக்கு வரவில்லை. தேத்தண்ணீரை ஆற்றியபடி கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை.
கூர்ப்பு என்றுதான் எங்கள் பாடப்புத்தகமும் சொன்னது.
பொல்லாத சொல். யாரோ குந்தியிருந்து
கத்தி தீட்டுவதுபோல ஒரு படம் மனதில் விழும்.
தீட்டுகிறவர் ஒருவருமில்லை, கிருபை, கல் மட்டும்தான்.
இந்தத் தட்டில் அந்தக் கல்
நாங்கள் எட்டு மணிக்கொருமுறை கொடுத்த மருந்து.

வளையம் சுருங்கியது நடந்த சங்கதி.
அதை நீயும் அளக்கலாம், இந்தா அடிமட்டம்.
ஏன் சுருங்கியது, எது செத்தது, எது மிஞ்சிப் பெருகியது,
நாளைக்கு எந்த வில்லை தோற்கும்
என்று எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோப்பதற்குப் பெயர் தியரி.
வெள்ளவத்தை மதிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்களே,
'உயிரியல், தியரி சனி, ரிவிஷன் ஞாயிறு' என்று,
அங்கே யாரும் அதற்கு முன்னால் வெறும் என்று போடுவதில்லை.
காசு கட்டித்தான் போகிறார்கள்.

அவன் சிரித்தான். நானும்.
ஆனால் நான் சொன்னதில் எனக்கே முழுத் திருப்தியில்லை.

உள் என்பதிலிருந்து உண்மை.
கொள் என்பதிலிருந்து கோட்பாடு.
உள்ளது கிடக்கிறது, நாம் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும்.
கொள்வதற்குத்தான் கை வேண்டும்,
கையும் நடுங்கும், பிடியும் பிசகும்,
பிசகினால் மாற்றிப் பிடிக்க வேண்டும்.
இதைக் கிருபைராஜனிடம் சொல்லவில்லை.
அதற்குள் ரிப்போட் அச்சாகிவிட்டது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்று மாடியும் ஓடினான்,
மருந்தை மாற்றச் சொல்லும் தாளைச் சட்டைக்குள் செருகி
ஈரம் படாமல்.
அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எதை நம்பி ஓடினான் என்று கேட்பது
மரியாதையாகத் தோன்றவில்லை.

இப்போது ஆறரை. மருதானையில் மழை விட்டபாடில்லை.
பஸ் தரிப்பில் குடைகள் ஒன்றையொன்று குத்துகின்றன.
என் கடைவாயில் ஞானப்பல் ஒன்று
இடமில்லாத தாடையில் சரிந்து முளைக்கிறது,
நாக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.
மேலே, முப்பத்தேழு பாகை இளஞ்சூட்டில்,
புதுத் தட்டில் புது வில்லை.
காலி வீதிப் பஸ் இன்னும் வரவில்லை.
நான் நிற்கிற இந்த அரை மணித்தியாலம்
அவற்றுக்கு ஒரு தலைமுறை.